டீசலைக் குடித்தது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரை விரித்து, காபியை ஒரு வாய்தான் குடித்திருப்பேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். திருச்செங்கோட்டிலிருந்து டிரங்க் கால்... என் தங்கை சரசு.

பதறியடித்து ஓடினேன். வெளியூரிலிருந்து டிரங்க் கால் என்றாலே நமக்கெல்லாம் கெட்ட செய்திதானே!

"அண்ணா, உடனே பொறப்பட்டு வா. உங்க மாப்பிள்ளை நம்ம டிரைவர் ரங்கசாமியண்ணனத் திருடன்னு சொல்லிப்போட்டாரு."

"செரி... நான் வந்து என்ன பண்றது?"

"நாயஞ் சொல்லு. ஊரு ஒலகத்துக்கெல்லாம் வாராவாரம் எழுதறயில்ல? தங்கச்சி ஊட்டுக்கு ஒரு நாளைக்கு வந்து சொன்னா ஆகாதா?"

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு தொந்தரவு. சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடையில் எடை குறைந்தால்கூட வாயைத் திறக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிற ஆள் நான். என்னைப் போய் பஞ்சாயத்துக்கு...! ஆனால் சரசு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் நாட்டுக்கோழிக் குழம்பு. நியாயம் சொல்லக் கிளம்பிவிட்டேன்.

என் தங்கை வீட்டுக்காரர் தங்கவேலுவுக்கு ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடும் தொழில். சொந்தமாக, பூமியைத் துளைக்கிற ஒரு ரிக் வண்டி. அதோடு கூடவே குழாய்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போக ஒரு லாரி. அந்த லாரியைப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறவர்தான் ரங்கசாமி.

ரோட்டில் பாதி, ரோடே இல்லாத விவசாயக் காட்டில் பாதி என்று ஓடுகிற வண்டி அது. உழுத மண், வரப்பு, ஓடை, முள்வேலி... எதற்குள்ளும் லாரிதான் முதலில் நுழையும். மண் தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் ரிக் வண்டி பின்னால் வரும்.

நான் போய்ச் சேர்ந்தபோது லாரி வாசலில் நின்றது. அதன் சாவி கூடத்து மேஜைமேல் கிடந்தது. ரங்கசாமி வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கட்டில் போட்டிருந்தும் உட்காரவில்லை.

"வாங்க மச்சான், நீங்களே கேளுங்க!" என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். "ரெண்டு வருசம் முந்தி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் குடுத்த வண்டிங்க. இப்ப மூணு வாரதே பெரும்பாடா இருக்குது. இஞ்சின் வேலை பாத்தாச்சு. பம்ப்பு மாத்தியாச்சு. அப்பறம் மீதி டீசல் எங்கீங்க போகுது? கேட்டா அவன் வாயத் தொறக்க மாட்டேங்கறானுங்க!"

நான் வேப்பமரத்தடிக்குப் போனேன். ரங்கசாமி தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் என்னங்க சார் சொல்றது? நாளைக்குக் காலையில போயிக்கிறேனுங்க."

"எங்கே போவீங்க?"

"அதுதானுங்க தெரியல. டீசல் வித்தவன்னு பேராயிப் போச்சுன்னா இந்தத் திருச்செங்கோட்டுல எவனுங்க வண்டி குடுப்பான்?"

அவர் சொன்னது வெறும் பேச்சில்லை. அந்த ஊரில் ரிக் வண்டிக்காரர்கள் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். காலையில் ஒரு டீக்கடையில் விழுந்த பேர், மத்தியானத்துக்குள் சங்ககிரி வரைக்கும் போய்விடும். ஐம்பது வயது மனுஷர், மூன்று பெண்களைப் பெற்றவர். நாளைக்குக் காலையில் அவர் அந்த வாசலை விட்டு இறங்கினால் அதோடு அவருடைய பிழைப்பு முடிந்தது. எனக்கு அப்போதுதான் கோழிக்குழம்பு ஞாபகம் போய், வந்த வேலையின் கனம் உறைத்தது.

இங்கே அந்த லாரியின் முகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மாப்பிள்ளைக்கு ஒரு பழக்கம். போர் போட்ட இடத்தில் நல்ல தண்ணீர் விழுந்தால், லாரியின் முன்பக்கத்தில் புதிதாக ஏதாவது ஒன்று மாட்டுவார். நேர்த்திக்கடன் மாதிரி. காட்டுக்குள் முதலில் நுழைகிற முகம் இது, இதன் ராசியில்தான் தண்ணீரே வருகிறது என்பது அவர் கட்சி. காட்டுக்காரர்களும் அதை நம்பினார்கள். "ரிக்கு எது வேண்ணாலும் வரட்டுமுங்க, அந்த மூஞ்சி லாரி மொதல்ல வரோணும்" என்று சொல்லிக் கூப்பிடுகிறவர்கள்கூட உண்டு!

முதலில் மாட்டியது இரும்பு கார்டு, அதாவது முன்பக்கத் தடுப்பு. அது தேவையான சாமான்தான். முள்ளும் கட்டையும் குத்தி ரேடியேட்டர் கிழிந்தால் நடுக்காட்டில் என்ன செய்வது? ஆனால் ஊரெல்லாம் குழாயில் அடிக்கிற கார்டை, மாப்பிள்ளை கனத்த சேனல் இரும்பில் அடித்தார். நாலு பேர் பிடித்தால்தான் அசையும். அடுத்த தண்ணீருக்கு, பின்னால் குழாய்க்கு இடம் போதவில்லை என்று ஸ்டெப்னி டயரைக் கொண்டுவந்து அந்தக் கார்டில் கட்டினார்... ரேடியேட்டருக்கு நேர் எதிரே. அப்புறம் கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு தகரத் தொப்பி.

சரசு சும்மா இருப்பாளா? கேபின் தலைக்குமேல் வளைவாக ஒரு போர்டு வேண்டும் என்றாள். குலதெய்வத்தின் பேர், இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில். கல்யாண மண்டப வாசலில் நிறுத்தலாம், அவ்வளவு பெரிசு.

நான் மட்டும் என்ன? சேலத்திலிருந்து இரண்டு பெரிய மஞ்சள் லைட் வாங்கிக்கொண்டு போய் ஆசையாகக் கொடுத்தேன். அதை நிறுத்துவதற்கென்றே கார்டின்மேல் இன்னொரு இரும்புச் சட்டம் ஏறியது.

ஒவ்வொன்று மாட்டும்போதும் சரசு ஆரத்தி எடுப்பாள். நாங்கள் தள்ளி நின்று பார்த்துப் பூரித்துப்போவோம். ரங்கசாமி எலுமிச்சம்பழத்தின்மேல் சக்கரத்தை ஏற்றி வண்டியை எடுப்பார். இதில் டீசலைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்?

மத்தியானம் இலை போட்டாள் சரசு. ரங்கசாமியைக் கூப்பிட்டாள். "பசியில்லீங்க அம்மிணி" என்று அவர் மரத்தடியிலேயே நின்றுவிட்டார். முந்தின நாள் ராத்திரியும் அவர் சாப்பிடவில்லையாம். எனக்குக் குழம்பு இறங்கவில்லை. நம்புங்கள், நிஜமாகவே இறங்கவில்லை.

நியாயம் சொல்ல வந்த நான் விழித்துக்கொண்டிருக்கும்போது, குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு சரசுதான் சொன்னாள்.

"ஏனுங்க, இன்னைக்கு நீங்களே வண்டிய எடுங்க. மோகனூர் வரைக்கும் போயிட்டு வாங்க. ரங்கசாமியண்ணன் இங்கயே இருக்கட்டும். அப்பவும் மூணுதான் வந்துதுன்னா, டீசல ஆரு வித்தான்னு அப்பறமாப் பேசிக்கலாம்."

இதற்கு மேல் எந்த கோர்ட்டில் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

மாப்பிள்ளை உடனே வேட்டியை மடித்துக் கட்டினார். பங்க்கில் டேங்க் வழிய வழிய டீசல் போட்டோம். வழக்கமான குழாய் லோடு அப்படியே இருந்தது. நான் பக்கத்து சீட்டில் சாட்சியாக ஏறிக்கொண்டேன்.

அவர் லாரி ஓட்டி ஐந்தாறு வருஷம் இருக்கும். ஊர் தாண்டி முதல் வளைவிலேயே, "என்னங்க மச்சான், ஸ்டீரிங்கு இந்தக் கனம் கனக்குது!" என்றார். கொஞ்சம் வேகம் பிடித்ததும் தலைக்கு மேலே 'ஹோ'வென்று ஒரு சத்தம். மயில் போர்டில் காற்று மோதுகிற சத்தம்தான். எதிர்க்காற்றில் விரித்த குடையைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறீர்களா? அப்படி இருந்தது. அவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க, வண்டி முனகியதே தவிர முன்னால் போகிற வழியாக இல்லை.

நாமக்கல் வருவதற்குள் சூட்டைக் காட்டுகிற முள் மேலே ஏறிவிட்டது. ஒரு தோட்டத்துக் கிணற்றோரம் நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டோம். குடத்தோடு வந்த தோட்டக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடேங்கப்பா! என்ன மூஞ்சிங்க! சாமி தேரே வந்தாப்பல இருக்குது!"

வழக்கமாக இந்தப் பேச்சுக்கு மாப்பிள்ளை முகம் மலர்ந்து, காபி வாங்கிக் கொடுக்கிற ஆள். அன்றைக்கோ, டயருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கையை விட்டு, காற்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நாலு விரல் இடைவெளிகூட இல்லை.

மோகனூரில் ஒரு காட்டுக்குள் வண்டியை விட்டுப் பார்த்தோம். முன் சக்கரம் பொதுக்கென்று மண்ணுக்குள் இறங்கியது. முதல் கியரில் உறுமி, கரும்புகை கக்கி, ஒருவழியாக ஏறி வந்தோம். சாயங்காலம் திரும்பி வந்து அதே பங்க்கில் டேங்கை நிரப்பினால்... போக வர நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அதற்கு முப்பத்தைந்து லிட்டர். லிட்டருக்கு மூணு! சரியாகப் போட்டாயா என்று பங்க்காரரை மாப்பிள்ளை இரண்டு தடவை கேட்டார்.

சரசு வாசலிலேயே காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, மோகனூர்ல ஆருக்கு வித்தீங்க?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாப்பிள்ளை முறைத்துப் பார்த்தார். அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் இரண்டு நாளாக யாரும் சிரித்திருக்கவில்லை.

ஆனால் முகத்தைக் கழற்றலாம் என்றதும் மறுபடியும் தயங்கினார். "ராசி போயிருமுங்க மச்சான்..."

"தண்ணி பூமிக்குள்ளதானுங்க இருக்குது? லாரி மூஞ்சியிலயா இருக்குது?" என்றாள் சரசு. மயில் போர்டு கேட்டு வாங்கியதே இவள்தான். இருந்தாலும் நியாயத்தின் பக்கம் நிற்கிறபோது அதையெல்லாம் பார்க்கலாமா?

திங்கட்கிழமை நான் லீவு போட்டுவிட்டேன். மாப்பிள்ளை ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, "ரங்கசாமி, ஒரு கை புடிப்பா" என்று கூப்பிட்டார்.

"நான் தொட மாட்டேனுங்க. நாளைக்கு ராசி போச்சுன்னா அதுக்கும் நாந்தானுங்களே ஆளு?"

மாப்பிள்ளை தானே வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். மயில் இறங்கியது, தொப்பி இறங்கியது, என் மஞ்சள் லைட்டும் இறங்கியது. குழாய்களை ஒதுக்கிய இடத்தில் டயர் பின்னால் போனது. கனத்த கார்டை இறக்கிவிட்டு, ரேடியேட்டரை மறைக்காமல் ஒரு லேசான குழாய் கார்டைப் பட்டறையில் மாட்டினோம். அதே லோடு, அதே ஆள், அதே மோகனூர். வண்டி துள்ளிக்கொண்டு போனது. வழியில் எங்கேயும் தண்ணீருக்கு நிற்கவில்லை. திரும்பி வந்து நிரப்பினால் இருபத்தாறு லிட்டர். லிட்டருக்கு நாலு!

எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு மன்னிப்பு என்கிற வார்த்தை தொண்டைக்கு மேலே வராது. மாப்பிள்ளை சாவியை எடுத்துக்கொண்டு நேரே வேப்பமரத்தடிக்குப் போனார். ரங்கசாமியின் கையைப் பிடித்து, அதற்குள் சாவியை வைத்து மூடினார்.

"நாளைக்கு ராசிபுரத்துக்கு அக்கட்டால ஒரு போர் இருக்குது. நேரத்துல வந்துரு."

"வாரேனுங்க."

மாப்பிள்ளை இரண்டடி வந்தவர் திரும்பினார். "ஏம்ப்பா... உனக்கு இது முன்னாலயே தெரியுமா?"

"டயரக் கொண்டாந்து முன்னாடி கட்டுன அன்னிக்கே தெரியுமுங்க."

"அப்பறம் ஏன் சொல்லல?"

ரங்கசாமி சாவியை மடியில் செருகிக்கொண்டார். "தண்ணி உழுந்ததும் நீங்க ஓடியாந்து ஒண்ண மாட்டிப்போட்டு, தள்ளி நின்னு பாப்பீங்களே... அத்தினி சந்தோசத்துல, வேண்டாமுங்கன்னு சொல்ல மனசு வரலீங்க."

"செரி, நான் திருடன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"அப்பறம் எப்படீங்க சொல்றது? திருடன்னு சொன்னதுக்குப் பொறவு எதைச் சொன்னாலும், அது சாக்குதானுங்களே!"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வீட்டைப் பார்த்து, "சரசு, ரெண்டு இலை போடு. நானும் ரங்கசாமியும் உண்ணறோம்" என்று குரல் கொடுத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர்கள் பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன். ரங்கசாமி மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். சரசு போட்டுக்கொண்டே இருந்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு சாப்பாடு அவ்வளவு நிறைவாக இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தக் கடைசிப் பதில்தான் மனசில் ஓடியது. வீட்டில், ஆபீஸில், நாம் எத்தனை பேரிடம் இப்படிக் கேட்டிருக்கிறோம்? முதலில் பட்டத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் விளக்கம் சொல்லு என்கிறோம்...

கேட்பதானால், திருடன் என்று சொல்வதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். சொன்ன பிறகு கேட்டால், நல்ல மனுஷன் வாயைத் திறக்கவே மாட்டான்!