ஷாகிதா அணைக்க விடாத சர்வர்

செவ்வாய்க்கிழமை காலை சூலூரிலிருந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது ஷாகிதாவின் தம்பி போனில் கூப்பிட்டார். "அக்கா போயிட்டாங்க" என்றார். மாரடைப்பு என்று பிறகு தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்றேன். எங்கே போவதற்காக என்று எனக்கே தெரியவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கல்லூரிக் கணினி அறையில் வேலை பார்த்தவர்களுக்கு ஷாகிதாவைத் தெரியும். உக்கடத்துக்காரர். நானும் அவரும் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தோம். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் பெயரையே பலர் கேட்டிராத காலம். கணினி இதழோடு இலவசமாக வந்த அதன் சிடியைப் போட்டு ஒரு பழைய கணினியை சர்வராக்கினோம். மாணவர்களின் ப்ராஜெக்ட்டுகள் எல்லாம் அதில்தான் இருந்தன. புதிய பதிப்பு வந்தால் எனக்குப் பயம். ஷாகிதாவுக்குக் கை துறுதுறுக்கும். "பயந்து தள்ளிப்போட்டா அப்புறம் பெரிய வேலையாப் போயிருமுங்க அம்மணி" என்பார்.

அப்படி ஒரு மதியம், எல்லா நிரல்களும் சார்ந்திருக்கும் லைப்ரரி என்ற அடிப்படைக் கோப்பை மாற்றும்போது கட்டளைகளை வரிசை மாற்றிக் கொடுத்துவிட்டார். அதன்பின் எந்த நிரலும் ஓடவில்லை. கோப்புகளின் பெயர்களைப் பார்க்கும் கட்டளைகூடத் தோற்றது. அணைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்று நான் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். ஷாகிதா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங்க. ஆஃப் பண்ணுனா மறுபடி எந்திரிக்காதுங்க. இந்த ஒரு டெர்மினல் இன்னும் உசுரோட இருக்குது."

முன்பே திறந்திருந்த அந்தத் திரை மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. மின்வெட்டு வரும் நேரம். யுபிஎஸ் பேட்டரியோ எப்போதோ போய்விட்டது. மின்விசிறி நின்றுவிடுமோ என்று நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் யோசித்தார். எந்த லைப்ரரியும் இல்லாமல் தனித்து ஓடும் சிறு நிரல் ஒன்று அதே கணினியில் இருப்பது நினைவுக்கு வந்தது. இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே எங்கோ ஒருவர் எழுதி வைத்தது. அதைக் கொண்டு பழைய லைப்ரரியை மறுபடி இணைத்தார். கோப்புகளின் பெயர்கள் திரையில் இறங்கின. "இத எழுதுன மனுசன் நல்லா இருக்கோணுங்க" என்றார்.

துறைத்தலைவர் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகியிருந்தது. ஷாகிதா பேசாமல் இருந்திருக்கலாம். துறைத்தலைவர் வாயைத் திறக்கும் முன்பே, "நான்தானுங்க சார் தப்பாச் செஞ்சுபோட்டேன். இப்ப சரி பண்ணியாச்சுங்க" என்றார் ஷாகிதா. நன்றாகத் திட்டு விழுந்தது. அடுத்த வாரமே அனுமதி கேட்டு, அதே மாற்றத்தை முறையாகச் செய்து முடித்தார்.

பிறகு திருமணமாகிப் பவானிக்குப் போனார். ஜமக்காள வியாபாரம் செய்யும் குடும்பம். அங்கே அவருக்குக் கணினி வேலை அமையவில்லை. தொலைபேசியில் என் நலம் விசாரித்த கையோடு சர்வரைப் பற்றிக் கேட்பார். என்ன மாற்றினேன், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்று எல்லாம் தெரிய வேண்டும். ஒருமுறை, நான் சொல்லி முடித்ததும், "அந்த கீபோர்டு முன்னால ஒருக்கா உக்காரோணும்னு இருக்குதுங்க" என்றார். வாங்க என்றேன். வாரேனுங்க என்றார். குழந்தைகள், கடை, மாமனாரின் உடல்நிலை என்று அது தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் அந்தக் கணினியைப் பழைய சாமான்களோடு ஏற்றிப் போய்விட்டார்கள்.

நான் இப்போதும் இதே வேலைதான் பார்க்கிறேன். என் கையால் ஏதாவது நின்றுபோனால், யாரும் கேட்கும் முன் என் பெயரைச் சொல்லிவிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது.

நேற்று ஒரு பெரிய அப்கிரேடு சிக்கலில்லாமல் முடிந்தது. என்ன மாற்றினேன் என்று கேட்பதற்குத்தான் ஆளில்லை.