பன்னீர்ச் சொம்பும் கார் எஞ்சினும்

திருச்சி தென்னூரில் ஒரு வாடகைக் கார் ஷெட்டில் கார் கழுவும் வேலையில் இருந்தபோது அந்த டிரைவரைப் பார்த்தேன். ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பீடி. ஒருநாள் முதலாளியின் வாடகைக் கார் ஒன்று எஞ்சினுக்குள் கரி பிடித்துத் திணறியது. இவர் எஞ்சினை ஓடவிட்டு, அந்தக் கரி ஆவியில் கழன்று வரட்டும் என்று, கல்யாணப் பன்னீர்ச் சொம்பால் காற்று உள்ளே போகும் கார்புரேட்டருக்குள் தண்ணீரைத் தூறலாகத் தெளித்தார்.

“யோவ், எஞ்சினுக்குள்ள தண்ணியா? உனக்கு இனிமே இங்க வேலை கிடையாது, போய்யா!” என்று முதலாளி கத்தினார்.

“சரிங்க. இதை முடிச்சிட்டுத்தான் போவேன்.”

தெளித்துக்கொண்டே இருந்தார். புகை கறுப்பாக வந்து, பிறகு வெளுத்தது. எஞ்சின் சீராக ஓடியதும் சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தார்.

“நில்லுய்யா! சமயபுரம் சவாரி இருக்கு.”

“நீங்களே ஓட்டுங்க. இப்ப நல்லா இழுக்கும்.”

என்னையும் பல இடங்களில் துரத்தியிருக்கிறார்கள். அந்த நொடியே கையிலிருந்த வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவர் யாருக்காக நின்று முடித்தார் என்பது இன்னும் எனக்குப் புரியவில்லை.