அத்தை கண்ணை மூடிய ஒரே தடவை

டாக்டர் கையில் இருந்த ரப்பர் சுத்தியலைப் பார்த்து அத்தை பயப்படவில்லை. அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா அவள். குடவாசல் பக்கத்தில் ஊரார் வயல்களில் நடவு நட்டே தனக்கென்று மூன்று மா நிலம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், வாங்கியவள். பேனாவும் கையுமாக வருகிறவர்கள் பேர் என்ன, ஊர் என்ன என்று ஆரம்பித்தால் கடைசியில் நிலத்தில்தான் வந்து நிற்பார்கள் என்பது அவள் அனுபவம். அதனால் என்ன மாதம், என்ன கிழமை என்று டாக்டர் கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்தான். "தெரியாதுங்க."

அவளைத் தஞ்சாவூருக்குக் கூட்டி வந்தவன் அவள் மகன். அம்மாவுக்கு ஞாபகம் தடுமாறுகிறது, தலைவலி என்கிறாள், இடது காலை இழுத்து நடக்கிறாள் என்றான். அந்த நிலத்தை மனை போட்டு விற்க அவன் ஆள் தேடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் புத்தி சரியில்லை என்று டாக்டர் வாயால் சொல்லவைக்கத்தான் வந்திருக்கிறான் என்று சந்தேகப்பட்டேன். அதற்காகவே நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்து நின்றேன். அத்தையோ ஒவ்வொரு "தெரியாது"விலும் அவனுக்கே வசதி செய்துகொடுத்தாள். குனிந்து காதோடு சொன்னேன். "தெரிஞ்சதைச் சொல்லுங்க அத்தை." அவள் என்னையும் ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்கு என்னடி அதுல?"

டாக்டர் கேள்விகளை விட்டுவிட்டு முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினார். கால் தானாக எகிறியது. இடது கால் கொஞ்சம் அதிகமாகவே எகிறியது. தட்டின சேதி முதுகுத்தண்டு வரை போய் அங்கிருந்தே திரும்பிவிடும், மூளையின் உத்தரவுக்குக் காத்திருக்காது என்று எனக்கு விளக்கினார். அத்தைக்கு இது பிடிக்கவே இல்லை. "என்னைக் கேக்காம என் காலு எப்புடிங்க ஆடும்?"

பிறகு உள்ளங்கைகள் மேலே பார்க்க இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கண்ணை மூடச் சொன்னார். நீட்டினாள். மூடவில்லை. மூடிய மாதிரி காட்டி, இமை இடுக்கில் மகனைப் பார்த்தாள்.

"கண்ணை மூடுனா கட்டை வெரல்ல மையைத் தடவிடுவான்," என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

பார்த்துக்கொண்டிருந்த வரை கைகள் ஒரே மட்டத்தில் நின்றன. "கண்ணு தொறந்திருந்தா, கை சரியறப்பவே பாத்துத் தூக்கி வச்சுக்குவாங்கம்மா. மூடினாத்தான் தெரியும். எறங்குச்சுன்னா இன்னிக்கே ஸ்கேன் எடுத்தாகணும்," என்றார் டாக்டர். தலையில் அடிபட்டதா என்று கேட்டார். அதற்கும் "தெரியாதுங்க." எனக்கு மகன் மேல் இருந்த பயம் போய் வேறு பயம் வந்தது. இவள் இப்படியே யாரையும் நம்பாமல் செத்துப்போவாளோ என்று தோன்றியது.

"அவனை வெளியில போகச் சொல்லு. நீ பக்கத்துல நில்லு," என்றாள்.

மகன் போனான். கதவைச் சாத்தினேன். அத்தை கண்ணை மூடினாள். வலது கை அப்படியே நின்றது. இடது கை மெல்ல உள்பக்கம் திரும்பி, இறங்கி இறங்கி மடிக்கு வந்துவிட்டது. அவளுக்கு அது தெரியவே இல்லை. மூளையின் வலப்பக்கம்தான் இடது கையை ஆள்கிறது, அங்கே ஏதோ அழுத்துகிறது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு வாயே வரவில்லை. கண்ணைத் திறந்த அத்தை மடியில் கிடந்த கையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

ஸ்கேனில் ரத்தக்கட்டு தெரிந்தது. அன்றைக்கே ஆபரேஷன் செய்தார்கள். மாட்டுக் கொட்டகையில் தலையை இடித்துக்கொண்டதைப் பிற்பாடு ஒப்புக்கொண்டாள். மகன் வராண்டாவில் உட்கார்ந்து அழுதான். அந்த அழுகையை நான் இன்னும் முழுசாக நம்பவில்லை. நிலம் அவள் பேரில்தான் இருக்கிறது. மாதம், கிழமை, வயலின் நாலு எல்லை எல்லாம் இப்போது கேட்காமலே சொல்கிறாள்.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். மகன் கடைக்குப் போகும் வரை காத்திருந்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "உண்மையைச் சொல்லு. அன்னிக்கு என் கையை எதுக்கு அமுக்குன?"

பதறிப்போய் நான் தொடவே இல்லை என்றேன்.

"டாக்டரு பேசிக்கிட்டே இருந்தாரு. பக்கத்துல பேசாம நின்னது நீதான்," என்றாள் அத்தை.