நாற்பதாவது பாக்கெட்

என் மகள் வரைந்த சீட்டு ஒரு செல்போன் விளையாட்டில் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்றே அந்த விளையாட்டைப் போனில் இறக்கிவிட்டேன். இலவசம் என்று போட்டிருந்தது. சும்மா தருகிறவனை நான் அவ்வளவு லேசில் நம்புகிற ஆள் இல்லை. இருந்தாலும் மகள் விஷயமாயிற்றே.

திறந்ததும் ஒரே அமர்க்களம். மேளம் கொட்டுகிறது, மின்னல் வெட்டுகிறது, ஒவ்வொரு சீட்டும் ஆளை மிரட்டிக்கொண்டு வந்து விழுகிறது. நான் முதலில் பார்த்தது வண்ணத்தைத்தான். திருத்தங்கல் அச்சகத்தில் பதினெட்டு வருடமாக அடித்த சீட்டைப் பிரித்துச் சரிபார்க்கிறவள் நான். மஞ்சள் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தாலும் என் கண் பிடித்துவிடும். இதில் ஒரு பிசகும் இல்லை. அடேயப்பா, சுத்தமான வேலைதான் என்று ஒத்துக்கொண்டேன்.

ஆட்டம் சிரமமில்லை. நமக்கு ஒரு சீட்டுக்கட்டு, எதிராளிக்கு ஒன்று. அவன் இறக்குவதைவிடப் பலமான சீட்டை நாம் இறக்க வேண்டும். ஜெயித்தால் ஒரு பாக்கெட் கிடைக்கும், உள்ளே ஐந்து சீட்டு. மகளுடைய சீட்டும் அப்படி ஒரு பாக்கெட்டில்தான் வர வேண்டும். வருகிற வரைக்கும் அதன் இடத்தில் வெறும் கறுப்புக் கட்டம்.

படத்தை அனுப்பி வைக்கிறேன் என்றாள் மகள். வேண்டாம் என்றுவிட்டேன். அனுப்பிய படத்தை அவள் அப்பா ஏறிட்டும் பார்க்க மாட்டார். இங்கே பட்டாசு லேபிள் வரைகிற வேலையை விட்டுவிட்டு அவள் பெங்களூருக்குப் போன நாளிலிருந்து அவளோடு அவருக்குப் பேச்சில்லை. போன் விளையாட்டுக்குப் படம் போடுவதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்டுவிட்டு வாயை மூடியவர்தான், ஆறு மாதம் ஆகிறது. அவள் போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஊர் உலகமே ஆடுகிற ஆட்டத்தில் நான் ஜெயித்து எடுத்த சீட்டாக அதை அவர் முன்னால் வைக்க வேண்டும், அப்புறம் எங்கே எழுந்து போகிறார் பார்க்கலாம் என்று எனக்கு வீம்பு.

என்னிடம் ஒரு கணக்கும் இருந்தது. எங்கள் அச்சகத்தில் மிட்டாய்ப் பாக்கெட்டுக்குள் போடுகிற படச்சீட்டு அடிப்போம். நாற்பது பாக்கெட் கொண்ட பெட்டிக்கு ஒரு சீட்டு மட்டும் தங்க ஓரம் போட்டது. அதை வைப்பதே எங்கள் மேசைதான். ஆகவே நாற்பது பிரித்தால் ஒன்று வந்தே தீரும் என்று கூட வேலை பார்க்கும் பெண்களிடம் அடித்துச் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில் ஆடினேன், பஸ்ஸில் ஆடினேன். தோற்றால் எதிராளியைத் திட்டினேன், அவன் எந்தத் தேசத்துக்காரனோ.

நாற்பதாவது பாக்கெட்டை எல்லாரையும் கூட்டிவைத்துக்கொண்டு பிரித்தேன். ஐந்தும் குப்பை. மேசையே சிரித்தது. வந்த ஆத்திரத்தில் மகளைக் கூப்பிட்டு, உங்கள் கம்பெனியில் பெட்டி கட்டுகிறவள் எவள், ஒழுங்காக வைக்கத் தெரியாதா அவளுக்கு என்று பிடிபிடியென்று பிடித்தேன்.

அவள் சிரித்துச் சிரித்து இருமினாள். "ம்மா, அங்கன பெட்டியும் இல்ல, கட்டுறவங்களும் இல்ல. நீங்க பிரிக்கிறப்பதான் கம்ப்யூட்டரே குலுக்கிப் போடும். நாலாவதுலயும் வரலாம், நானூறு பிரிச்சாலும் வராம இருக்கலாம்."

யாருடைய கையும் படாத பாக்கெட்டா! இது என்ன அநியாயம் என்று இருந்தது. ஆனாலும் விடவில்லை. எண்ணுவதை நிறுத்திவிட்டு ஆடினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே ஆடினேன். எந்தச் சீட்டு போயிற்று, எது அவன் கையில் மிச்சம் என்பது எனக்கு மறக்கவே மறக்காது.

வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுப்பில் மீன் குழம்பு கொதிக்கும்போது. தங்க ஓரத்துக்குள் ஒரு வெடிவீரன் நின்றான். முகமெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி, ஒரு கண் சுருங்கியிருக்கிறது, தலையில் துண்டு, அதன் முடிச்சு காதுக்கு மேலே விறைத்துக்கொண்டு நிற்கிறது. விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிற அவள் அப்பா அப்படியே. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. என் மகள், என் வயிற்றில் பிறந்தவள் என்று நெஞ்சு விம்மியது.

"உங்க மக வரைஞ்சது. ஜெயிச்சு எடுத்திருக்கேன், பாருங்க" என்று போனை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் எழுந்து போகவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இந்தச் சீட்டுக்குப் பலம் எம்புட்டு என்று கேட்டார். இருப்பதிலேயே இதுதான் பெரிசு என்றேன். அவர் கை தானாகத் தலைக்குப் போயிற்று, துண்டு இல்லாத தலைக்கு. பிறகு என் போனிலேயே மகளைக் கூப்பிட்டார்.

நான்தான் என்று நினைத்து, சொல்லும்மா என்றாள் அவள்.

"ஏ புள்ள, அப்பா பேசுறேன். துண்டு முடிச்ச இடப்பக்கம் போட்டிருக்கே, எனக்கு வலப்பக்கம்ல. ஒரு நட ஊருக்கு வந்து ஒழுங்காப் பாத்துட்டுப் போ."