அண்ணனின் வலது பாதம்

ஒருவரின் பாதம் உணர்வை இழந்துவிட்டது என்று தெரிந்தால், அதை முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? அந்தப் பாதத்துக்கு உரியவரிடமா, அவர் ஓட்டும் வேனில் தினமும் ஏறும் குழந்தைகளின் பெற்றோரிடமா? சமூகப்பணி படித்தவள் நான். தேர்வுத்தாளில் இந்தக் கேள்வி வந்திருந்தால் தயங்காமல் விடை எழுதியிருப்பேன். பாதம் என் அண்ணனுடையதாக இருந்தபோது, ஒரு மதிய வேளையில் எனக்கு விடை தெரியவில்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் புதுவீடுகள் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில், கைகால் இயக்கத்தில் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சிறிய பகல்நேரப் பள்ளி ஒன்று இருந்தது. நான் அங்கே ஆசிரியை. அண்ணன் அதே பள்ளியின் வேன் ஓட்டுநர். அப்பா இறந்தபின் அவர் பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு வண்டி ஓட்டப் போனார். நான் பட்டம் பெற்றேன். இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வண்டியைப் பொறுத்தவரை அவருக்கு ஒரே ஒரு விதி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். தானும் வெறுங்காலோடுதான் ஓட்டுவார். பள்ளியின் பழைய வேனில் எஞ்சின் அவருடைய இருக்கைக்கு அடியிலேயே கிடந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து எஞ்சினுக்கு ஒரு முறுக்குக் கம்பி போகும்; மிதித்தால் அது எதிர்த்துத் தள்ளும். செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டும்போது நடந்துபோகும் வெளிநாட்டுக்காரர்களுக்காக வேகத்தைக் குறைப்பதும், மறுபடி கூட்டுவதும் முழங்கால்வரை ஏறும் அந்த எதிர்ப்பை வைத்துத்தான். வேகமானி முள்ளை அவர் பார்த்து நான் கண்டதில்லை.

நன்கொடையாளர் ஒருவர் புது வேன் வாங்கித் தந்தார். அதில் ஆக்சிலேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கம்பி இல்லை. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை ஒரு சிறு கருவி அளந்து மின்சாரமாக அனுப்பும். மற்றதை வண்டிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கை ஒரு விரலால் சுற்றலாம். ரிவர்ஸ் எடுத்தால் பின்னால் இருப்பது நெருங்க நெருங்க பீப் ஒலி வேகமாகும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் வேறொரு ஒலி.

"பெல்ட் போடலன்னா கத்துது, கதவு சரியா சாத்தலன்னா கத்துது, பின்னாடி மாடு நின்னா கத்துது. அப்புறம் நான் எதுக்குப் பாப்பா இருக்கேன், ஆரன் அடிக்கவா?" என்றார் அண்ணன்.

"பாட்டு போடுறதுக்கு" என்றேன்.

"அதுவும் ரிமோட்ல வருது."

ஆனால் சில வாரங்களில் கேலி நின்று, முறையீடு தொடங்கியது. "இதுக்கு உசுரே இல்ல பாப்பா. மிதிச்சா எதிர்த்து ஒரு தள்ளு தள்ளணும்ல? வெண்ணெயில கால் வெச்ச மாதிரி இருக்கு." ஊரில் புதுவண்டி ஓட்டிய எல்லோருமே ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். அதனால் யாரும் வியக்கவில்லை. அவருடைய குதிகாலில் ஒருமுறை முள் ஏறிச் சீழ் கட்டியிருந்ததை அண்ணிதான் கண்டுபிடித்தார், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறவர், பாதம் தடித்திருக்கும் என்றோம். எங்கள் ஊரில் அது ஒரு குறையாக எண்ணப்படுவதில்லை, கொஞ்சம் பெருமையும்கூட.

ஒரு காலையில் பள்ளி வாசலில் குழந்தைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது, நியூட்ரலில் நின்ற வண்டி திடீரென்று உறுமியது. சத்தத்துக்குச் சட்டென உடல் விறைத்துப்போகும் சிறுமி ஒருத்தி என் கையில் இருந்தாள். அவள் தளர நெடுநேரம் ஆனது. "தானா கத்துது, சனியன்" என்றார் அண்ணன். அடுத்த வாரம், எல்லோரும் இறங்கியபின் நிழலில் நிறுத்த வண்டியை நகர்த்தினார். அது பாய்ந்துபோய் வாயில் தூணில் மோதி நின்றது. முகப்பு விளக்கு உடைந்தது. சற்று முன்புவரை அந்தத் தூணருகில்தான் ஒரு சக்கர நாற்காலி நின்றிருந்தது.

அண்ணன் இறங்கி வரும்போது முகம் வெளுத்திருந்தது. "நான் மிதிக்கவே இல்ல பாப்பா. கால் பிரேக்லதான் இருந்துச்சு. சத்தியமா."

மறுநாள் வேலூரிலிருந்து சர்வீஸ் சென்டர் ஆள் ஒருவர் வந்தார். கையோடு கொண்டுவந்த கருவியை வண்டியில் பொருத்தி, எஞ்சினை ஓடவிட்டு, வெகுநேரம் பார்த்தார். "பெடல்ல ஒரு குத்தமும் இல்லைங்க. புது மாடல்ல எல்லாருமே ஃபீல் இல்லன்னுதான் சொல்றாங்க. பழகிடும்" என்றார்.

அந்த 'ஃபீல் இல்லாமை' எப்படித்தான் இருக்கும் என்று அறிய விரும்பினேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஏறி, வலது பாதத்தை ஆக்சிலேட்டர்மேல் வைத்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ரப்பரின் சிறுசிறு வரிகள் உள்ளங்காலில் பதிந்தன. அவற்றினூடே, பூனை வயிற்றில் கைவைத்தால் தெரிவதுபோல, மெல்லிய அதிர்வு ஒன்று ஏறிவந்தது.

"அண்ணா, அதிருதே."

"எது?"

"பெடல்தான்."

"சும்மா இரு. இறங்கு, நான் பார்க்கிறேன்." அவர் ஏறிக் காலை வைத்தார். தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். "எங்க? ஒண்ணும் இல்லையே."

வேலூர்க்காரர் கருவியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் அண்ணனுடைய பாதத்தைப் பார்த்தோம்.

எங்கள் வகுப்பில் குழந்தைகளுக்கு ஒரு பலகை உண்டு. அதில் கட்டம் கட்டமாகத் தேங்காய் நார், உப்புத்தாள், பட்டுத்துணி, பஞ்சு ஒட்டியிருப்போம். கண்ணை மூடிக் காலால் தொட்டு எது என்று சொல்வது விளையாட்டு. மதிய உணவுக்குப்பின் குழந்தைகள் படுத்திருந்த நேரத்தில் அண்ணனைக் கூப்பிட்டு, சிறுவர் நாற்காலியில் உட்காரவைத்தேன். முழங்கால்கள் தோளுக்கு உயர்ந்திருக்க, அவர் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

இடது பாதத்துக்குப் பாதி சரியாகச் சொன்னார். வலதை உப்புத்தாளில் வைத்தேன்.

"துணி. பட்டுத்துணி. அண்ணிக்கு எடுத்ததாட்டம் இருக்கு."

அடுத்துத் தேங்காய் நாரில் வைத்தேன். அதையும் துணி என்றார். பிறகு பலகையைத் தள்ளிவிட்டு, அவருடைய வலதுகால் பெருவிரலை என் கைக்குள் பிடித்துக்கொண்டேன். சிறுவயதில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் பிடித்துக்கொள்வது என்னுடைய இந்த விரலைத்தான்.

"அடுத்தது வை பாப்பா" என்றார்.

"வெச்சிருக்கேண்ணா."

கண்ணைத் திறந்தார். என் கையையும் அதற்குள் இருந்த தன் விரலையும் நெடுநேரம் பார்த்தார். நான் அழுத்தினேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரியும். மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். அது பாதத்தில் வந்து உட்காரும் என்று நாங்கள் இருவருமே எண்ணிப் பார்த்ததில்லை.

"அப்போ வண்டி மேல தப்பில்ல" என்றார் கடைசியில். "பாவம், அதைப் போய் சனியன்னு திட்டிட்டேன்."

முதலில் யாரிடம் சொல்வது என்ற கேள்வி அங்கே தானாக முடிந்துபோயிற்று; அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைவிடக் கடினமானது எஞ்சியிருந்தது. சாயங்காலம் குழந்தைகள் வீடு திரும்ப வேண்டும். அவர் எழுந்து ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தார்.

"அண்ணா, இன்னைக்கு நீங்க ஓட்டக் கூடாது."

"நேத்து ஓட்டல? முந்தாநாள் ஓட்டல? இத்தனை வருஷத்துல ஒரு புள்ளைக்கு ஒரு கீறல் பட்டிருக்கா?"

"படல."

"அப்புறம் என்ன? டாக்டர்கிட்ட நாளைக்குப் போறேன். இன்னைக்கு ஒரு ட்ரிப்பு."

"தூண்ல மோதினப்பவும் கால் பிரேக்லதான் இருந்துச்சுன்னு சொன்னீங்க. அது பொய் இல்லண்ணா. உங்களுக்கு நெஜமாவே அப்படித்தான் தெரிஞ்சுது. எனக்கு அதுதான் பயம்."

அவர் குரல் உயர்ந்தது. "என்னை நம்பல நீ. அதைச் சொல்லு."

என்ன சொன்னாலும் அவருடைய இத்தனை ஆண்டு உழைப்பின்மேல் விழும் என்று தெரிந்தது. வேலை போனால் அண்ணியும் பிள்ளைகளும் என்ன செய்வார்கள் என்பதும் மனத்தில் ஓடியது. அடுத்த அறையில் குழந்தைகள் விழிக்கத் தொடங்கியிருந்தார்கள். யாரோ பாயைக் காலால் தட்டும் சத்தம் கேட்டது.

"நீங்க இப்ப வண்டியை எடுத்தா நான் பக்கத்துல ஏறி உட்காருவேன். எங்க போனாலும் வருவேன். ஆனா புள்ளைங்கள ஏத்த மாட்டேண்ணா."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் மெல்ல வடிந்ததைக் கண்டேன். "உன்னை மட்டும் ஏத்திக்கிட்டு நான் எங்கடி போறது?" என்றார். சாவியை மேசைமேல் வைத்தார். வைத்தபின்னும் சற்றுநேரம் அதன்மேல் கையை எடுக்காமல் நின்றார்.

தலைமை ஆசிரியையிடம் சொல்ல நான் எழுந்தபோது தடுத்துவிட்டு, தானே போனார். கதவு திறந்துதான் இருந்தது. "மேடம், எனக்குக் கால் மரத்துப் போச்சுங்க. ஓட்டுறது சரியில்ல. ஆட்டோ சொல்லிடுங்க." அவ்வளவுதான் பேசினார். வெளியே வந்தவர் திண்டாடவில்லை, ஒதுங்கியும் நிற்கவில்லை. ஆட்டோக்கள் வந்ததும் குழந்தைகளை ஒவ்வொருவராகத் தூக்கி உட்காரவைத்து, ஓட்டுநர்களுக்கு உத்தரவு போட்டார்.

"இந்தப் பாப்பா இடது பக்கம் சாயும், துண்டு வெச்சு முட்டுக் குடு. கலெக்டர் ஆபீஸ் வேகத்தடையில நீ தூக்கிப் போட்டன்னு தெரிஞ்சுது, நாளைக்கு ஸ்டாண்டுக்கே வந்துடுவேன்."

"நீயே வந்து ஓட்டேன்யா" என்றார் ஆட்டோக்காரர் ஒருவர், விஷயம் தெரியாமல்.

"எனக்கு இன்னைக்கு லீவு" என்றார் அண்ணன்.

கடைசி ஆட்டோ திரும்பி மறைந்ததும் என்னருகில் வந்து படியில் உட்கார்ந்தார். அரசு மருத்துவமனைக்கு எந்த பஸ் என்று கேட்டார். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர், இருபது ஆண்டுகளாக எங்கும் தானே ஓட்டிப் போனவர். பஸ் எண் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நானும் உடன் போனேன். கூட்டத்தில் அவர் கம்பியைப் பிடித்துக்கொள்ள, நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மருத்துவர் நரம்பு கெட்டிருப்பதை உறுதிசெய்தார். இழந்த உணர்வு திரும்புவது அரிது, இனிக் காயம் படாமல் காப்பதே வேலை என்றார்.

பிறகு பல மாதங்கள் யோசித்திருக்கிறேன். பின்னால் நிற்கும் மாட்டையும், சாத்தாத கதவையும், மீறிய வேகத்தையும் அறிந்து எச்சரிக்கும்படி அந்த வண்டியைச் செய்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார்கள். மிதிப்பவரின் காலைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதை நாங்கள்தான் அறிந்திருக்க வேண்டியிருந்தது.

அண்ணன் அதன்பின் வண்டி ஓட்டவில்லை. பள்ளி வேறொரு ஓட்டுநரை அமர்த்தியது. அண்ணன் அதே வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் உதவியாளராக, குறைந்த சம்பளத்தில், தொடர்ந்தார். ஓட்டுநர்களுக்கு ஆண்டுதோறும் கண் பரிசோதனையோடு பாதப் பரிசோதனையும் செய்வதென்று பள்ளி முடிவெடுத்தது. நான் ஒவ்வொரு ஞாயிறும் அண்ணன் வீட்டுக்குப் போய் அவருடைய இரண்டு பாதங்களையும் பார்த்துவிட்டு வருகிறேன்.