ஞாயிற்றுக்கிழமை ரயில்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை, கர்த்தருடைய நாள் என்று, அடுப்புப் பற்றவைப்பதில்லை. சனிக்கிழமையே சோறு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவாள் என் மனைவி. கருப்பட்டிக் கடை பூட்டிக் கிடக்கும். வண்டி மாடுகளுக்கும் அன்றைக்கு ஓய்வுதான். உடன்குடியிலிருந்து வந்த சரக்கு வாசலில் கிடந்து மழையில் கரைந்தாலும் நான் கை வைக்கமாட்டேன். பாளையங்கோட்டைச் சபையில் என்னைப் பற்றி எல்லாருக்கும் இது தெரியும்.

அப்படிப்பட்ட எனக்கு ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் தந்தி வந்தது. என் மூத்த மகள் எஃப்.ஏ. பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, சென்னையில் வைத்தியக் கல்லூரிக்கு மனுப் போட்டிருந்தாள். அங்கே பெண்பிள்ளைகளுக்கு இடம் கொஞ்சம். சென்னை ராஜதானி முழுவதிலுமிருந்து போட்டி. திங்கட்கிழமை பகலில் நேரில் வரவேண்டும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று தந்தி சொன்னது. அன்றைய ரயில் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஞாயிறு காலை ரயில்தான்.

"கர்த்தருக்குச் சித்தமானா அடுத்த வருஷம் பாப்போம், மக்கா" என்றேன்.

அவள் அழுதிருந்தால்கூடத் தேற்றியிருப்பேன். சரி என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பெட்டியில் அடுக்கிய சேலைகளைத் திரும்ப வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

என் மனைவிதான் வாயைத் திறந்தாள். "இவ தம்பி என்னைக்குப் பொறந்தான்னு ஞாவகம் இருக்கா? ஞாயித்துக்கிழம. பிள்ள குறுக்க கெடந்து நான் துடிக்கேன், கோயில்ல மணி அடிக்கி. டாக்டரம்மா வண்டி பூட்டித்தான வந்தாங்க? இன்னைக்கு ஓய்வுநாள், நாளைக்கு வாங்கன்னு சொன்னீங்களோ?"

நான் உள்ளே போய் முழங்காலில் நின்றேன். நெடுநேரம் ஜெபம் பண்ணினேன். எழுந்து வந்து, "போவோம். ஆனா மாடு பூட்டவேண்டாம், நடந்தே ஸ்டேஷனுக்குப் போயிருவோம்" என்றேன்.

மறுநாள் காலையில் சபையார் எல்லாம் வேதப்புஸ்தகத்தோடு கோயிலுக்கு வர, நான் தலையில் தகரப் பெட்டியோடு எதிர்த்திசையில் போனேன். மகள் பின்னால் வந்தாள். வண்ணார்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த ஜவுளிக்கடைக்காரர் எதிர்ப்பட்டார்.

"அண்ணாச்சி, கோயில் அங்கனல்லா இருக்கு! இங்கன எங்க? கருப்பட்டி வெல ஏறிட்டோ?"

"மகளுக்கு டாக்டர் படிப்பு கேக்கப் போறோம் வே. மெட்ராஸுக்கு."

அவர் என் மகளை ஒரு தரம் பார்த்தார். வேதப்புஸ்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "பெட்டிய எறக்கும். உம்ம நடைக்கு ரயில் நிக்காது" என்று வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். அன்றைக்கு அவருக்கும் ஆராதனை போயிற்று.

கல்லூரியில் என்னை உள்ளே விடவில்லை. தாழ்வாரத்தில் நின்றேன். மகள் வெளியே வந்து சொன்னதைத்தான் எழுதுகிறேன். பாடத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாளாம். கடைசியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர், "உனக்கு இடம் கொடுத்தால் உன் தகப்பனார் பாதியில் கூட்டிக்கொண்டுபோய்க் கல்யாணம் பண்ணிவைத்துவிடுவார். எத்தனை பேரைப் பார்த்துவிட்டோம்" என்றாராம்.

இவள் சொன்னாளாம்: "ஐயா, எங்க அப்பா ஞாயித்துக்கிழம கடைச் சாவியக்கூடத் தொடமாட்டார். நேத்து என் பெட்டியச் சுமந்து ரயிலேறி வந்து வெளிய நிக்கார். பாதியில கூட்டிட்டுப் போறவரா இருந்தா நேத்தே வீட்ல இருந்திருப்பார்."

அந்த டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கதவு வழியாக என்னைப் பார்த்தாராம். யாரோ துரை எட்டிப் பார்க்கிறார் என்று நான் கும்பிட்டது உண்மைதான்.

"இடம் குடுத்துட்டாங்கப்பா" என்றாள்.

நான் தலைப்பாகையைக் கழற்றிவிட்டு அந்தத் தாழ்வாரத்திலேயே முழங்காற்படியிட்டேன். கோட்டுப் போட்ட பையன்கள் நின்று பார்த்தார்கள். சேவகன் ஓடிவந்து, "பெரியவரே, வழியில இதெல்லாம் கூடாது, எந்திரிங்க" என்று தோளைத் தொட்டான்.

என் மகள் வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு என் பக்கத்தில் முழங்காலிட்டாள். "இரும், ஸ்தோத்திரம் சொல்லிட்டு வாரோம்" என்று அவனிடம் சொன்னாள்.