இறங்கும் படிக்கும் மஞ்சள்

தண்ணீர் பட்ட மஞ்சள் தூளின் வாசனை. அது எங்கிருந்து வந்தாலும் என் விரல்கள் தானாக மூக்கருகே போகின்றன. சமையலறையில் இருப்பேன், பேருந்தில் இருப்பேன்; அடுத்த நொடி ஒரு தேர்வு அறையில் இருப்பேன். முன்னால் வெள்ளைத்தாள். நகத்தடியில் மஞ்சள்.

பெருமாளை நம்பியிருக்கிறவர்களே, எனக்கு நடந்ததை உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. மலை நகரவில்லை. நான் நகர்ந்தேன்.

நான் ஆந்திர எல்லையிலுள்ள நகரிக்காரி. வீட்டில் விசைத்தறி, ஓட்டுவது என் கணவர். எனக்குப் புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் வேலை. டிப்ளமா முடித்த கையோடு கல்யாணம், பிறகு பிள்ளை, தறி, வீடு. நாற்பதைத் தாண்டித்தான் மறுபடி புத்தகம் தொட்டேன். வேலை பார்ப்பவர்களுக்கான பி.டெக். வகுப்பில் சேர்ந்தேன். என் மகள் புனிதா அப்போது இறுதியாண்டு. ஒரே வீட்டில் இரண்டு மாணவிகள். ஒரே கால்குலேட்டருக்குச் சண்டை.

எல்லாப் பாடமும் தேறினேன், எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் தவிர. அதில் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறையும் போனால் அடுத்த ஆண்டு வகுப்பில் உட்கார விடமாட்டார்கள். படிப்பு அதோடு முடிந்தது. இரண்டு முறையும் என்னைக் கவிழ்த்தது துகள் இயக்கக் கணக்கு. நேர்கோட்டில் ஒரு துகள் ஓடுகிறது, இத்தனை நொடியில் அது கடந்த மொத்த தூரம் என்ன. அவ்வளவுதான் கேள்வி. நான் கடைசி இடத்திலிருந்து முதல் இடத்தைக் கழிப்பேன். தவறு என்று சிவப்பு மை சொல்லும். ஏன் தவறு என்று மண்டையில் ஏறாது.

"எங்க நிக்குதுன்னு மொதல்ல பாரும்மா," என்பாள் புனிதா. "வேகம் சைபர் ஆவற எடம். அங்கதான் அது திரும்பும்."

"நிக்கறதுக்கும் தூரத்துக்கும் இன்னாடி சம்பந்தம்?"

அவள் தலையில் அடித்துக்கொள்வாள். நான் மனப்பாடம் செய்வேன். மனப்பாடம் செய்தது தாளைக் கண்டதும் ஓடிவிடும்.

சென்ற புரட்டாசியில், தேர்வுக்கு முந்தைய வாரம், ஒரு மத்தியானம் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். தறிச் சத்தம் நின்றது. கணவர் வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, துன்னாம குந்திக்கினு கீற?"

"வராதுங்க எனக்கு. வயசாயிடுச்சி."

"வரலன்னா உடு. தறி உன்ன வேணாம்னா சொல்லப் போவுது?"

ஆறுதலாகத்தான் சொன்னார். சாதத்தைப் பிசைந்து தட்டை என் பக்கம் தள்ளினார். எனக்கோ அந்த வார்த்தையில் கதவு சாத்துகிற ஒலி கேட்டது. ஒருமுறை வெளியே போய் வீட்டுக்குத் திரும்பியவள் நான். மறுபடியும் திரும்ப வேண்டுமா. சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். "பெருமாளே, மார்க்கு கேக்கல. தாளைப் பாத்ததும் கண்ணு இருட்டிக்கினு வருதே, அத மட்டும் எடுத்துடு."

அப்போதே வேண்டிக்கொண்டேன்: படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து மலையேறுவது. சனிக்கிழமை, தேர்வு திங்கட்கிழமை. புனிதா சிரித்தாள்.

"எல்லாரும் பாஸானப்பறம் போவாங்க. நீ இன்னாம்மா அட்வான்ஸ் குடுக்கற?"

"நான் பேரம் பேசப் போவலடி. பயமா இருக்குது, போறேன்."

அவளும் கூட வந்தாள்.

திருப்பதி விழிப்பதற்குள் மலையடிவாரத்து அலிபிரியில் ஏறத் தொடங்கினோம். நான் குனிந்து மஞ்சள் பூச, அவள் பின்னாலேயே குங்குமம் வைத்தாள். குனி, நிமிர், குனி. இடுப்பு கழன்றது. முன்னும் பின்னும் கோவிந்தா, கோவிந்தா. உள்ளே தள்ளி ஓரிடத்தில் பாதை கொஞ்சம் கீழே இறங்கி, பிறகு மேலே போகிறது. அந்த இறக்கத்தில் நான் கிண்ணத்தைப் புடவைத் தலைப்பில் மூடிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிவிட்டேன். கீழே போய்த் திரும்பிப் பார்த்தால் அவள் மேலேயே நிற்கிறாள், கையில் குங்குமம்.

"ஏம்மா இதெல்லாம் உட்டுட்ட?"

"இது எறக்கம்டி. ஏர்றதுக்குத்தான் வேண்டிக்கினேன்."

"எறங்காம அந்தாண்ட எப்டிப் போவ? இதுவும் சாமி கிட்டப் போற படிதான?"

"ஏறினதே வீணாப் போவுதுன்னு நானே வயித்தெரிச்சல்ல கீறேன்."

"கால் வலிக்குதா இல்லியா?"

"வலிக்குது."

"அப்ப அதுவும் நடந்ததுதான். வா மேல."

பின்னால் வந்த ஓர் அம்மா முக்காட்டுக்குள் சிரித்தார். நான் முனகிக்கொண்டே மேலே ஏறி, விட்ட படிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசினேன். ஒன்றும் விளங்கி அல்ல. மகளிடம் வாய் கொடுக்கத் தெம்பில்லை, அதனால்தான்.

திங்கட்கிழமை. தாளைத் திருப்பினேன். முதல் கேள்வியே அது. துகளின் இடம் x = t³ − 6t² + 9t, மீட்டரில். நான்கு நொடியில் கடந்த மொத்த தூரம் காண்க. கண் இருட்டியது. அதே இருட்டு. சத்தம் எல்லாம் தூரப் போனது. பேனா வழுக்கியது. பெருமாளே, அத மட்டும்தான கேட்டேன், என்றேன். நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். நகத்தடியில் மிச்சமிருந்த மஞ்சள், வியர்வையில் நனைந்து, மணத்தது.

நான் அந்த இறக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேலே என் மகள், கையில் குங்குமம். அப்ப அதுவும் நடந்ததுதான்.

அறைக் கண்காணிப்பாளர் பக்கத்தில் வந்து குனிந்தார். "சேதிக்கி ஏமயிந்தம்மா?" கைக்கு என்ன ஆயிற்று என்கிறார்.

"பசுப்பு சார். கொண்டகு எள்ளொச்சானு." மஞ்சள், மலைக்குப் போய் வந்தேன்.

அவர் கண்ணில் ஒற்றிக்கொள்வதுபோல் தன் கையைக் கொண்டுபோய், அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். முதல் நொடியில் ஒருமுறை, மூன்றாம் நொடியில் ஒருமுறை. கிளம்பி நான்கு மீட்டர் போகிறது, நிற்கிறது. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறது, நிற்கிறது. மறுபடி கிளம்பி நான்கு மீட்டர். முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்தால் நான்குதான். போனது, வந்தது, மறுபடி போனது என்று கூட்டினால் பன்னிரண்டு.

எழுதிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த நான்கையும் இத்தனை நாள் நான் தூரமாகவே எண்ணவில்லை. கண் இருட்டவில்லை. கலங்கியது, அது வேறு. மற்றக் கணக்குகள் ஒவ்வொன்றாக வழிவிட்டன.

தேறிவிட்டேன். புனிதா போனில் பார்த்துச் சொன்னதும் கணவர் தறியை நிறுத்திவிட்டு வந்தார். "இனிமே தறி பக்கமே வரமாட்ட நீ," என்றார். குரலில் பெருமைதான் இருந்தது.

இப்போது கடைசி ஆண்டுக்கு வந்திருக்கிறேன். யாராவது, இத்தனை வருடம் வீட்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் முன்பு தலை குனிவேன். இப்போது குனிவதில்லை. நீங்களும் ஏதோ ஓர் இறக்கத்தில் நிற்கலாம். கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் எந்தக் கையால் தருவார் என்று தெரியாது. எனக்கு என் மகள் கையால் தந்தார்.

அவளுக்கு வேலை கிடைத்து, போன மாதம் ரேணிகுண்டாவில் ரயிலேற்றப் போனேன். ஜன்னல் வழியாகப் புளிச்சோற்று டப்பாவைக் கொடுத்தேன். அழக்கூடாது என்று இருவருமே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி அசைந்தது. கூடவே நடந்தேன். அவள் கம்பியில் முகம் வைத்துக் கத்தினாள், சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க:

"அம்மா, நாலு செகண்டுல மொத்த தூரம் எவ்ளோ?"

"பன்னெண்டு மீட்டர்டி. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."